அலமாரிக்குப் பின்னால் இருந்த விரிசல்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் தேநீர்ச் சட்டியில் சுண்ணாம்பு விழுந்தது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. வானொலியில் நான்கு மணிச் செய்தி அப்போதுதான் முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் மாவு போல ஒரு பிடி விழுந்தது. பிறகு பட்டாணி அளவில் இரண்டு மூன்று கட்டிகள். நிமிர்ந்து பார்த்தேன். சமையல் கட்டுக்கு மேலே இருந்த மாடிப் பலகைகளின் இடுக்கிலிருந்து இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

மேலே என் மகள் இருந்தாள். ஒன்பது வயது. கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மேல குதிக்கிறியா?"

"இல்லப்பா. எழுதுறேன்."

"அப்புறம் ஏன் கொட்டுது?"

பென்சில் ஒன்று பலகையில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா, அலமாரி குனியுது" என்றாள்.

அதற்கு முன் அந்தச் சொல்லை ஓர் அலமாரிக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் உடனே புரிந்தது. புரிந்ததும் நான் செய்தது என்னவென்றால், தொண்டை கிழியக் கத்தினேன்: "எழுந்து கீழே ஓடி வா! படிக்கு ஓடி வா!"

படி இருந்தது அலமாரி இருந்த பக்கம். அவள் கட்டிலிலேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் எப்போதும் என் சொல் கேட்கிற பிள்ளை. ஓடி வந்தாள். நான்கைந்து அடி வைத்திருப்பாள். பழைய துணியைக் கிழிப்பது போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. மாடிப்படியின் மேல் பாதி சுவரை விட்டுக் கழன்று முற்றத்தில் விழுந்தது. எழும்பிய தூசியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தூசி அடங்கியபோது என் தலைக்கு மேலே, இரண்டு பலகைகளுக்கு நடுவில், என் மகளின் இடது கால் தொடை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. முக்காலியைப் போட்டு ஏறி அந்தப் பாதத்தைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. விரல்கள் என் உள்ளங்கையில் அசைந்தன.

"அப்பா?"

"நான்தான். புடிச்சிருக்கேன். அசையாத."

"அலமாரி என்னையே பாக்குது அப்பா."

சுவர் ஓரமாக நின்ற இரும்பு அலமாரி, உத்திரத்தின் முனை இறங்கியதால், அவள் பக்கமாகச் சாய்ந்து, முறிந்த படிக்கட்டின் தலைக்கட்டையில் முட்டி நின்றிருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்.

அது ஏன் அங்கே இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாங்கள் குடியிருந்தது மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில், கடைத்தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி. ஒற்றை மாடி வைத்த வீடுகள் ஏழு, ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டின் இடது சுவர்தான் பக்கத்து வீட்டின் வலது சுவர். முன்னால் அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கூரை போட்ட நடைபாதை. உள்ளே வீட்டுக்கு நடுவில் வெயிலும் மழையும் நேராக இறங்கும் சின்ன முற்றம். எல்லாம் ஜப்பான்காரன் காலத்துக்கு மிக முன்னால் கட்டியவை. சிமெண்ட் கிடையாது. மெத்தென்ற செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மாடியைத் தாங்கும் உத்திரங்களின் இரண்டு முனைகளும் இரு பக்கச் சுவர்களுக்குள் சொருகப்பட்டிருந்தன. சுவர் நன்றாக இருக்கும்வரை மாடியும் நன்றாக இருக்கும்.

அந்த மாதிரிப் பழைய வீடுகளுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபடி அப்போது சட்டம் இருந்தது. எங்களை அவ்வளவு சுலபமாகக் கிளப்பவும் முடியாது. ஆனால் வீடு ஆபத்தானது என்று நகராண்மைக் கழகம் முடிவு செய்துவிட்டால் எல்லாரும் வெளியேற வேண்டியதுதான். பின் சந்தில் ஒரு குடும்பம் கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், உத்திரம் செல்லரித்திருப்பதைக் கண்டார்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தக் குடும்பம் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று எங்கள் வரிசை முழுக்க அஞ்சடியில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது. ஓட்டுக்கு மேலே ஓர் ஆலங்கன்று முளைத்தது. நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: எதுவும் சொல்லக் கூடாது.

எங்கள் இடது பக்கத்து வீடும் காலியாகத்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் போன பிறகு, பழுது பார்க்கிறோம் என்று சொல்லி ஆட்கள் வந்து கூரை ஓடுகளை இறக்கினார்கள். திரும்ப யாரும் ஏற்றவில்லை. இரண்டு மழைக்காலம் அந்த வீட்டுக்குள் கொட்டியது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அதைக் குடித்தது. எங்கள் பக்கம் சுண்ணாம்பு உப்பிப் பூத்தது. ஒரு நாள் மாடிப் பின்னறையில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. ஆறு மாதத்தில் அதற்குள் பத்துக் காசு நாணயத்தை நிறுத்த முடிந்தது. என் மனைவிதான் நிறுத்திக் காட்டினாள்.

"சொல்லிடுவோம்ங்க" என்றாள்.

"சொல்லிட்டு எங்க போறது?"

"ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்குப் போவோம். எல்லாரும் போகலையா?"

"அங்க வாடகை என்ன தெரியுமா? வேலைக்கு ரெண்டு பஸ்."

"நீங்க ஒரு பஸ் ஏறுறதுக்கே அஞ்சு நிமிஷம் முன்னாடி மழை வருமான்னு வானத்தப் பாக்குற ஆளு. சுவருல ஓட்டை விழுந்திருக்கு, அத மட்டும் பாக்க மாட்டேங்கிறீங்க."

அவள் சொன்னது சரி. நான் பயந்தவன். ஆனால் பயந்தவன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பயப்படுவதில்லை. சுவர் விழும் என்ற பயத்தைவிட வீடு போகும் என்ற பயம் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதியைப் பாதுகாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, வரைந்து, படம் பிடித்து வைப்பார்களாம். இனி முகப்பை இடிக்கவோ மாற்றவோ அனுமதி வேண்டுமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நிரப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு பாரம், மலாயில் அச்சடித்த படிவம், வந்தது. கூரை எப்படி, உத்திரம் எப்படி, கறையான் உண்டா, சுவரில் விரிசல் உண்டா.

எங்கள் வரிசையில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன் நான் ஒருவன்தான். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கிராணி; கணக்கெழுதும் குமாஸ்தா வேலை. அதனால் குடியிருந்த ஆறு வீட்டுப் பாரங்களும் என் மேசைக்கு வந்தன. ஒரே உட்காரலில் ஆறையும் எழுதி முடித்தேன். மலாயில் விரிசலுக்கு 'ரெத்தாக்' என்று பெயர்; அந்தச் சொல்லுக்கு நேராக 'தியாடா', இல்லை, என்று ஆறு முறை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். எந்தச் சுவரில் எது இருக்கிறது என்று பார்த்தால்தானே எதை வைத்து மறைக்கலாம் என்று சொல்ல முடியும்? வலது பக்கத்து வீட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுபவர், முன்னறை விரிசலின் மேல் டயர்களை வரிசையாக மாட்டினார். அதற்கும் அடுத்த வீட்டில் பூக்கட்டி விற்கும், தெருவே அக்கா என்று கூப்பிடும் பெண், விரிசலுக்கு மேலே சாமி படத் தட்டை அடித்துக்கொண்டாள். தன் பாரத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"எழுத்து முத்து முத்தா இருக்குண்ணே. பொய்யக்கூட அழகா எழுதுறீங்க."

எல்லாரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

என் வீட்டு விரிசலுக்கு ஒரு காலண்டர் போதவில்லை. கீழே, முன்னறையில், மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த இரும்பு அலமாரி இருந்தது. என் மனைவி, "அந்த மூலையில பலகை இப்பவே ஆடுது, அங்க இவ்வளவு கனத்த ஏத்தாதீங்க" என்றாள். தவுக்கேயும் இன்னும் மூன்று பேருமாகக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றி, விரிசலை மூடும்படி சுவரோடு ஒட்டி வைத்தோம். அதாவது, ஈரத்தில் ஊறி முனை மக்கிப்போன உத்திரத்தின் சரியாக அந்த முனையில்.

கணக்கெடுக்க வந்தது ஓர் இளம் பெண். கழுத்தில் கேமரா, கையில் அளவு நாடா. மலாயில் மிக மரியாதையாகப் பேசினார். முகப்பில் இருந்த பூவேலைப்பாட்டையும் தரையில் பதித்த ஓடுகளையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இந்த வரிசை அபூர்வமானது, இதைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்றார். மாடிக்கு வந்ததும் அலமாரியைத் தட்டிப் பார்த்து, "கனமா இருக்குமே" என்றார். "துணிதான்" என்றேன். உள்ளே பித்தளைப் பாத்திரங்களும், பழைய கணக்குப் புத்தகங்களும், மனைவியின் பட்டுப் புடவைகளும், மாவரைக்கும் கல் ஒன்று தவிர மற்ற எல்லாமும் இருந்தன. அவர் போன பிறகு அலமாரியைத் திரும்ப இறக்கியிருக்கலாம். அவர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. ஏழு மாதம் அது அங்கேயே நின்றது. ஏழு மாதம் என் மகள் அந்த அறையில் படுத்துத் தூங்கினாள்.

இப்போதெல்லாம் அந்தப் பகுதிக்கு வெளியூர்க்காரர்கள் வந்து வீடுகளைப் படம் எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. என்னால் அந்த அஞ்சடியில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அலமாரி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மனைவி காலையிலேயே ஃபெரி ஏறி அக்கரைக்கு, தாசேக் கெலுகோரில் உடம்பு சரியில்லாமல் இருந்த தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். நான்கு நாளாக விடாத மழை. நான் முக்காலியில் நின்று பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் கேட்டுத் தவுக்கே ஓடி வந்தார். ஒரு பார்வை பார்த்தார். என் இடுப்பைக் கட்டிப் பிடித்து முக்காலியிலிருந்து இழுத்தார்.

"விடு! விடு தவுக்கே! புள்ள கால்!"

"ஏ தம்பி, பைத்தியமா லா? மேல விழுந்தா ரெண்டு பேரும் காலி. வா வெளிய!"

அவர் என்னை முற்றத்துக்கு இழுத்ததும், நான் நின்றிருந்த இடத்தில் ஒரு செங்கல் விழுந்து உடைந்தது. முக்காலி சாய்ந்தது. என் கையில் அந்தப் பாதத்தின் குளிர்ச்சி மட்டும் இருந்தது.

பூக்கட்டும் அக்கா முனைக்கடைக்கு ஓடிப்போய்ப் போன் செய்தாள். பொம்பா, அதாவது தீயணைப்புப் படை, வரும்வரை நான் முற்றத்தில் மழையில் நின்று மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். மாடியறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் சுவர் இல்லை. வெறும் மரத்தட்டி. அது நின்றதும் அந்த உத்திரத்தின் மேல்தான். ஏணியைச் சாய்த்தால் எல்லாம் சேர்ந்து இறங்கும் என்பது எனக்கே தெரிந்தது. மகளின் தலை மட்டும் ஜன்னலுக்குள் தெரிந்தது.

"பாப்பா, மூக்கு அரிச்சாலும் சொறியாத. சரியா?"

"சரிப்பா. கால் எரியுது."

"எரியும். பரவால்ல. அசையாத."

அக்கா ஈரத்தலையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். "பாப்பா! அசைஞ்சேன்னா நாளைக்கு உனக்குப் பூ கிடையாது, பாத்துக்கோ."

"எனக்கு உங்க பூ வேணாம் அத்தை. ஒண்ணுக்கு வருது."

"இருந்துடுடி. மழை பேயுது, எது என்னன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

மேலேயிருந்து சின்னதாக ஒரு சிரிப்பு கேட்டது. சிரித்ததும் பலகை முனகியது. சிரிப்பு நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சந்து முனையில் ஒரு லாரி நின்றதால் பொம்பா வண்டி உள்ளே வர முடியவில்லை. வீரர்கள் ஏணிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களின் தலைவர் நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். சமையல் கட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்றார். முற்றத்து ஜன்னலும் வேண்டாம் என்றார். பிறகு வெளியே போய் இடது பக்கக் காலி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே கூரையே இல்லை. ஏணியை உயரமாக எழுப்ப இடம் இருந்தது. பொதுச் சுவரில் ஏணியைச் சாய்த்து, மேலே ஒரு துளை போட்டு உள்ளே போய்விடலாம்.

அவர் என்னிடம் திரும்பி மலாயில் கேட்டார். "இந்தச் சுவர் எப்படி? விரிசல் ஏதாவது உண்டா?"

அஞ்சடியில் எங்கள் வரிசை முழுக்க நின்றிருந்தது. தவுக்கே, அவர் மனைவி, அக்கா, முனை வீட்டுக் குடும்பம், எல்லாரும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பிள்ளை மேலே தொங்குகிறாள். என் வாய் சொன்னது:

"தியாடா, துவான்."

இல்லை, ஐயா. அவ்வளவு சுலபமாக வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று என் நாக்குக்குப் பழகிப் போயிருந்தது. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. விழுந்தும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. தலைவர் கையசைத்தார். இரண்டு வீரர்கள் ஏணியோடு காலி வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்தாள். "அண்ணே! என்ன சொன்னீங்க? அவர் என்ன கேட்டாரு? விரிசலத்தானே கேட்டாரு?"

அவள் என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, உடைந்த மலாயில், தெருவே கேட்கும்படி கத்தினாள். "இருக்கு துவான்! பெரிய விரிசல் இருக்கு! அலமாரிக்குப் பின்னாடி! ஏணி வைக்காதீங்க! இவர் பொய் சொல்றாரு. எல்லா வீட்டுக்கும் இல்லைன்னு இவர்தான் எழுதிக் கொடுத்தாரு. என் வீட்டுக்கும்!"

படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. முன்னறையில்தான் பூ வியாபாரம், மாடியில்தான் படுக்கை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தலைவர் ஏணியை நிறுத்தச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்: "எங்கே ஆரம்பிக்கிறது? எதுவரை போகிறது?"

அப்போது சொன்னேன். மேல் மூலையில் ஆரம்பித்து, அலமாரிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு அகன்று, படிக்கட்டுக்கு மேலே முடிகிறது. உத்திரத்தின் இடது முனை மக்கிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தெரியும்.

"வலது சுவர்?"

"அது நல்லா இருக்கு, துவான். சத்தியமா."

அவர் என்னை நம்பவில்லை. தவுக்கேயைப் பார்த்தார். தவுக்கே தன் கடைப் பக்கம் கை காட்டினார். "என் பக்கம் முன்னறையில கொஞ்சம் இருக்கு. டயர் மாட்டி வச்சிருக்கேன். பின்னறையில இல்ல. வாங்க, நீங்களே பாருங்க."

தவுக்கேயின் மாடிப் பின்னறையிலிருந்து வலது சுவரைத் துளைப்பது என்று முடிவாயிற்று. சுத்தியலால் அடித்தால் அதிர்வில் மறுபக்கம் இறங்கிவிடும். அதனால் தவுக்கேயின் கடையிலிருந்து திருப்புளிகளையும் சைக்கிள் ஆரக் கம்பிகளையும் கொண்டு வந்து கொடுத்தார்கள். வீரர்கள் மண்டியிட்டுச் செங்கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தார்கள். ஈறுக்குள்ளிருந்து பல்லை எடுப்பது போல ஒவ்வொரு கல்லாக உருவினார்கள். நான் முற்றத்திலேயே நின்றேன். சுரண்டும் சத்தம் அங்கே கேட்டது.

"அப்பா, சுவருக்குள்ள எலி."

"எலி இல்ல பாப்பா. உன்னக் கூட்டிட்டுப் போக ஆள் வராங்க."

"அம்மா வந்தாச்சா?"

"வருவாங்க."

"நீங்க ஏன் மேல வரல?"

மழை பெய்தது. அலமாரிக்குள் ஏதோ ஒரு பாத்திரம் உருண்டு கதவில் மோதியது. அவள் "அப்பா அப்பா அப்பா" என்று மூச்சு விடாமல் சொன்னாள். நான் "இங்கதான் இங்கதான் இங்கதான்" என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எந்தச் சொல்லும் ஞாபகத்தில் இல்லை.

இருப்பதிலேயே ஒல்லியான வீரர் துளைக்குள் நுழைந்தார். இடுப்பில் கயிறு. தரையில் கால் வைக்காமல், ஒரு சின்ன ஏணியைப் பலகைகளின் மேல் படுக்கப் போட்டு, அதன் மேல் வயிற்றால் ஊர்ந்தார். எனக்கு அவருடைய கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை என் மகளின் தலையைத் தொட்டது. பிறகு பலகையை நெம்பும் சத்தம். முதல் முறையாக அவள் அலறினாள். அந்த அலறல் அப்படியே நகர்ந்து நகர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. "கிடைச்சாச்சு!" என்று தவுக்கே கத்தினார். நான் அஞ்சடிக்கு ஓடினேன். தவுக்கே வீட்டுப் படியில் பாதி ஏறியிருப்பேன். பின்னால் எங்கள் வீட்டுக்குள் அலமாரி இறங்கியது. தெரு முழுக்க அதிர்ந்தது. பித்தளை உருளும் சத்தம் அடங்க வெகு நேரமாயிற்று.

அவளைக் கையில் வாங்கினேன். தொடையிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து ரத்தம். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நனைந்திருந்தாள். அக்கா தன் முந்தானையை அவிழ்த்து அவளைச் சுற்றினாள்.

தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லா வீட்டுக்கும் நீங்கள்தான் எழுதினீர்களாமே. மற்ற வீடுகளில் எந்தச் சுவர்? இப்போதே பார்க்க வேண்டும்."

மறுபடியும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். முனை வீட்டுக்காரர் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"பிள்ளைக்கு ரத்தம் போகுது, துவான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சில் ஏறினேன். அது உண்மைதான். ஆனால் எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது தலைவர் இன்னும் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் காலைக் கழுவித் தையல் போட்டார்கள். எலும்பு முறியவில்லை. ஊசி போட்டதும் அவள் தூங்கிவிட்டாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வார்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வர்ணம் அடித்த சுவர். ஒரு கோடுகூட இல்லை. இருந்தும் அதையே பார்த்தேன்.

பொழுது சாய்ந்து விளக்கு போட்ட பிறகு என் மனைவி வந்தாள். ஃபெரியிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் கயிறு கட்டியிருந்ததாம். எல்லாவற்றையும் அக்கா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. கையில் தங்கை கொடுத்தனுப்பிய ரம்புத்தான் பழப் பை இருந்தது. அழவில்லை. பையைக் கீழே வைத்தாள். போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட காலின் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"எத்தன வீட்டுக்கு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு."

"நம்ம வீடு போக இன்னும் அஞ்சு. அங்க எல்லாம் இந்நேரம் புள்ளைங்களுக்குப் பாய் போட்டிருப்பாங்க. எந்த வீட்டுல எந்தச் சுவருன்னு முழுசா உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும். பாப்பாவ நான் பாத்துக்கறேன். எந்திரிச்சுப் போங்க."